பூச்சியம், நான்கு, பதினொன்று

கலகெதரவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல் பிடித்துவிட்டது. தோளில் தொங்கிய பிளாஸ்டிக் குழாய்க்குள் மூன்று பழைய தேசப்படங்களின் நகல்கள். நனையவிடக் கூடாதென்று சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கினேன். மத்திய மாகாணம், சப்ரகமுவ, வடமேல் மாகாணம் மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் இங்கிருந்து மேற்கே, ரம்புக்கனைப் பக்கத்து மலைகளுக்குள் எங்கோ இருக்கிறது. ஒரு படத்தை மேசையில் விரித்துவைத்துக் கடைக்காரரிடம் கேட்டேன்: "நானா, மூணு மாகாணமும் சேருற இடத்துக்கு எந்தப் பக்கத்தால போறது?"

அவர் படத்தை எட்டியும் பார்க்கவில்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கிராம சேவகர்ட கையொப்பம் எங்க போய் எடுக்கிறமோ, அதுதான் தம்பி எங்கட எல்லை. கோடு ஒண்டையும் நாங்க கண்டதில்ல."

அன்று எனக்கு அது சிரிப்பாக இருந்தது. கண்டி இராச்சியத்தைப் பற்றி நான் படித்தவற்றிலேயே சுருக்கமான விளக்கம் அதுதான் என்று பிறகுதான் விளங்கியது. அதற்கு முன்னால், இந்தத் தேடலின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று தெருக்கள் கூடும் இடத்தை முச்சந்தி என்கிறோம். மூன்று நாடுகளின் அல்லது மூன்று மாகாணங்களின் எல்லைகள் ஒரே புள்ளியில் கூடினால் அதையும் இந்த அத்தியாயம் முழுக்க முச்சந்தி என்றே அழைக்கப்போகிறேன். உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைகள் கூடும் இடங்களில் ஏறத்தாழ எல்லாமே முச்சந்திகள்தான். நாற்சந்தி அகப்படுவது அபூர்வம். ஏன்? பாத்திரம் கழுவும்போது நுரையை உற்றுப் பாருங்கள். குமிழிகளின் சுவர்கள் மும்மூன்றாகவே சேரும். நான்கு சுவர்கள் தற்செயலாக ஒரு கோட்டில் சந்தித்தாலும் அந்தச் சந்திப்பு நிலைக்காது. கண்ணெதிரே வழுக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மும்முனைச் சேர்க்கைகளாகப் பிரிந்துவிடும். பெல்ஜிய விஞ்ஞானி பிளாட்டோ 19ஆம் நூற்றாண்டில் சவர்க்கார நுரையை வைத்தே இதை விதியாக்கினார்.

எல்லைகளுக்குச் சவர்க்காரத்தின் இழுவிசை கிடையாது. ஆனாலும் கதை அதேதான். நான்கு எல்லைகள் ஒரு புள்ளியில் சேர வேண்டுமானால் நான்கு தரப்பும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்; ஒரு கோடு ஒரு முழம் விலகினாலும் நாற்சந்தி உடைந்து இரண்டு முச்சந்தியாகிவிடும். ஆபிரிக்காவில் சம்பேசி ஆற்றின் மேல் கசுங்குலா என்ற இடத்தில் நமீபியா, பொட்ஸ்வானா, சாம்பியா, சிம்பாப்வே நான்கும் ஒரே புள்ளியில் சந்திப்பதாக நெடுங்காலம் பேசினார்கள். இன்றைய கணக்குப்படி அங்கே இருப்பவை ஏறத்தாழ 150 மீற்றர் இடைவெளியில் இரண்டு முச்சந்திகள். அந்த இடைவெளியின் வழியாகத்தான் சாம்பியாவும் பொட்ஸ்வானாவும் 2021இல் பாலம் திறந்தன.

சரி, கண்டிக்கு வருவோம். இலங்கை தீவு. வேறெந்த நாட்டோடும் அதற்குத் தரை எல்லை இல்லை. அப்படியானால் நாடுகளின் முச்சந்தியை இங்கே எங்கே தேடுவது? பழைய படங்களில்தான். 16ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் நாடுகள் பல இருந்தன. 1521இல் கோட்டை இராச்சியம் மூன்று சகோதரர்களுக்குள் பிரிந்து கோட்டை, சீதாவாக்கை, றைகம என்றாயிற்று. மலைக்கு மேலே கண்டி, வடக்கே யாழ்ப்பாணம். கோட்டை, சீதாவாக்கை, கண்டி என்ற மூன்று அரசுகள் அருகருகே கிடந்த அந்தக் காலத்தில் முச்சந்திகள் இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு படையெடுப்போடும் அவை இடம்பெயர்ந்தன. 1590களில் சீதாவாக்கை மறைந்தது. போர்த்துக்கேயர் கரையிலிருந்து மேலே ஏறப் பார்த்தார்கள். கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் பலன என்ற கணவாய் எல்லைக் காவலாக நின்றது. அந்தப் பெயரே பார்த்திருப்பது, காவல் காப்பது என்ற பொருள்பட்ட சிங்களச் சொல்லிலிருந்து வந்தது.

அடுத்த நூற்றாண்டில் கண்டிக்கு ஒரு படம் வாய்த்தது. வரைந்தவர் ஒரு கைதி. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பலோட்டி 1660இல் மகாவலி கடலில் விழும் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டார். 19 ஆண்டுகள் கண்டி மண்ணில் திரிந்துவிட்டு 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் கண்டி உடரட்டையின் படம் ஒன்று உண்டு. தொப்பி பின்னி ஊர் ஊராக விற்றுப் பிழைத்தவர் என்பதால் பாதைகளைக் காலால் அறிந்திருந்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அந்தப் படம் தேறாது; ஆனால் எதை எல்லை என்று அவர் கண்டார் என்பது அந்த நூலில் தெளிவாக இருக்கிறது. பாதைகளின் குறுக்கே முட்கதவுகள், பக்கத்தில் காவலாளிகள், உள்ளே வருவோரும் வெளியே போவோரும் காட்ட வேண்டிய அடையாளம். இப்படிப்பட்ட காவலிடத்துக்குக் கடவத்தை என்று பெயர். கொழும்பிலிருந்து கண்டி வீதியில் வருகிறவர்கள் இன்றும் அந்தப் பெயருள்ள ஊரைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

அங்கே எல்லை என்பது பாதைகளில் மட்டும் இருந்த ஒன்று. இரண்டு கடவத்தைகளுக்கு இடையே காடு. காட்டுக்குள் கோடு கிடையாது. ஓர் ஊர் யாருக்குச் சொந்தம் என்றால், அந்த ஊரார் யாருக்கு இராசகாரியம் என்ற அரச ஊழியத்தைச் செய்கிறார்கள் என்பதே விடை. கிராம சேவகரின் கையொப்பத்தைச் சொன்ன நானா, இந்த முந்நூறு வருடத்துப் பழக்கத்தைத்தான் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கோப்பை கழுவினார்.

1766இல் எல்லாம் மாறியது. போர்த்துக்கேயருக்குப் பின் கரையைப் பிடித்திருந்த ஒல்லாந்தருடன் நடந்த போருக்குப் பிறகு கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஓர் உடன்படிக்கைக்கு இணங்க வேண்டிவந்தது. தீவைச் சுற்றியுள்ள கரை முழுவதும், உள்நோக்கி ஒரு சிங்களக் காவத தூரம்வரை, ஒல்லாந்தருக்குப் போயிற்று. கண்டிக்குக் கடல் இல்லை. உப்புக்குக்கூட அயலவன் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை. தேசப்படத்தின் கண்ணால் பார்த்தால் இதன் பொருள் வேறொன்று: கண்டியின் எல்லை முற்றாக மூடிய ஒரு வளையமாகிவிட்டது, வளையத்துக்கு வெளியே ஒரேயொரு அயல் ஆட்சி. வளையத்தில் சந்தி ஏது? இன்று லெசோத்தோ, சான் மரினோ, வத்திக்கான் மூன்றும் இதே நிலையில் இருக்கின்றன. ஒரே நாட்டால் முற்றாகச் சூழப்பட்ட நாட்டுக்கு முச்சந்தி பூச்சியம். ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் இடத்தைப் பிடித்த பிறகும் அந்தப் பூச்சியம் மாறவில்லை. 1815இல் இராச்சியமே போகும்வரை அப்படியே இருந்தது.

1833இல் கோல்புறூக், கமரன் என்ற ஆங்கிலேய ஆணையாளர்களின் சீர்திருத்தத்தோடு தீவு ஐந்து மாகாணங்களாயிற்று: வட, கிழக்கு, தென், மேல், நடுவே மத்திய மாகாணம். கண்டி இராச்சியத்தின் பெரும்பகுதியை வெட்டிக் கரையோர மாகாணங்களோடு ஒட்டினார்கள். கண்டியின் பிரிவுகளான ஏழு கோறளையும் நாலு கோறளையும் மேல் மாகாணத்துக்கு. நுவரகலாவிய வட மாகாணத்துக்கு. கண்டியர் மீண்டும் ஒன்றுதிரளக் கூடாதென்ற எண்ணம் இதன் பின்னால் இருந்ததென்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த எண்ணத்தை ஒரு எண்ணாகவே காட்டலாம் என்பதுதான் என் வாதம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினையுங்கள். நடுவே குடம், அது மத்திய மாகாணம். வெளியே வட்டை, அது கடற்கரை. குடத்திலிருந்து வட்டைக்கு நான்கு ஆரக்கால்கள்; அவை மற்ற நான்கு மாகாணங்களைப் பிரிக்கும் எல்லைகள். ஒவ்வோர் ஆரக்காலும் குடத்தில் பதியும் இடம் ஒரு முச்சந்தி. ஆக 1833இன் இலங்கையில் உள்நாட்டு முச்சந்திகள் நான்கு. நான்கும் மத்திய மாகாணத்தின் விளிம்பிலேயே. வட்டையில் நான்கு சந்திப்புகள் உண்டு, ஆனால் அங்கே இரண்டு மாகாணமும் கடலும்தான் சேருகின்றன.

இனி ஒரு புது மாகாணம் உருவாக வேண்டுமானால் ஏற்கெனவே உள்ள மாகாணத்துக்குள் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு இரண்டு முனைகள். ஒவ்வொரு முனையும் ஏதாவதொரு பழைய கோட்டில் போய் முட்டும். முட்டும் இடத்தில் புதுச் சந்தி ஒன்று பிறக்கும். ஒரு மாகாணம் கூடினால் இரண்டு சந்தி கூடும். பிற்பாடு அளவையாளர்கள் கோட்டை அங்குமிங்கும் நகர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. 18ஆம் நூற்றாண்டில் ஒய்லர் கண்டுபிடித்த வாய்பாட்டின் வீட்டுப் பதிப்பு இது. அவருடைய முறையில் போட்டால், கடலையும் ஒரு பிரதேசமாக எண்ணிக்கொண்டு, மொத்தப் பிரதேசங்களிலிருந்து 2ஐக் கழித்து இரண்டால் பெருக்க வேண்டும்.

1845இல் வடமேல் மாகாணம் பிறந்தது. அதன் எல்லைக் கோட்டின் ஒரு முனை கடலுக்குப் போனதால் உள்நாட்டில் ஒன்றுதான் கூடியது: ஐந்து. 1873இல் வடமத்திய மாகாணம்: ஏழு. 1886இல் ஊவா: ஒன்பது. 1889இல் சப்ரகமுவ: பதினொன்று. அத்தோடு நின்றுவிட்டது, இன்றும் மாகாணங்கள் ஒன்பதுதான். ஒய்லரைக் கேட்டாலும் இதே விடை: ஒன்பது மாகாணமும் கடலும் சேர்ந்து பத்து, இரண்டைக் கழித்தால் எட்டு, இரட்டித்தால் 16, கரையிலுள்ள ஐந்தைத் தள்ளினால் 11.

பூச்சியம், நான்கு, பதினொன்று. நூறு சொச்சம் ஆண்டுகளில் ஓர் இராச்சியம் எத்தனை துண்டானது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் அளவை எனக்குத் தெரியாது.

நான் தேடிப்போன முச்சந்தியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கண்டி மன்னர் காலத்தில் அந்த வட்டாரத்தில் ஏழு கோறளையும் நாலு கோறளையும் தும்பனையும் பக்கம் பக்கமாக இருந்தன. 1833இல் இரண்டு கோறளைகளும் ஒரே மாகாணத்துக்குள் போனதால் அது மாகாண முச்சந்தியாக இல்லை. 1845இல் ஏழு கோறளை வடமேல் மாகாணத்துக்குப் போக, மேல், வடமேல், மத்திய என்ற மூன்றுக்கும் சந்தியாயிற்று. 1889இல் கேகாலைப் பக்கம் சப்ரகமுவவாகியதும் அந்தச் சந்தியின் பெயரில் ஒரு பங்கு மாறியது. கல்லும் மண்ணும் ஏறத்தாழ இருந்த இடத்தில்தான் இருந்தன, கச்சேரிகள்தான் மாறின.

அந்தப் புள்ளியைப் படத்திலிருந்து நிலத்துக்கு இறக்குவது லேசான காரியமில்லை. முதல் எதிரி பேனா முனை. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற நில அளவைத் திணைக்களத்தின் பழைய படத்தில், அரை மில்லிமீற்றர் தடித்த எல்லைக் கோடு நிலத்தில் 32 மீற்றர் அகலமான பட்டை. எட்டு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற படத்தில் அதே கோடு கால் கிலோமீற்றர் அகலம். மூன்று கோடுகள் கூடும் இடத்தில் மை ஊறிப் பொட்டாகிவிடும். அந்தப் பொட்டுக்குள் கலகெதரச் சந்தி முழுவதையும் அடக்கலாம். பேனாவோடு போகிற விஷயமென்று நினைக்க வேண்டாம். சிக்கிமும் திபெத்தும் பூட்டானும் சேரும் இடத்தை 1890ஆம் ஆண்டு ஒப்பந்தம் கிப்மோச்சி மலை என்று ஒரு பெயரால் குறித்துவிட்டது. நீர் பிரிமேடு அந்த மலைக்கு வடக்கே சில கிலோமீற்றர் தள்ளியுள்ள பதங் லாவில்தான் கூடுகிறது என்பது இந்தியாவின் வாதம். 2017இல் அதற்குப் பக்கத்து டோக்லாமில் இந்தியப் படையும் சீனப் படையும் 73 நாள் எதிரெதிரே நின்றன.

இரண்டாவது எதிரி கட்டங்கள். இலங்கைப் படங்களின் அளவுக் கட்டங்களுக்கு ஆதாரப் புள்ளி பீதுருதாலகால மலையுச்சி. பழைய மீற்றர்க் கட்டத்தில் அந்த உச்சிக்கு இரண்டு திசையிலும் 2,00,000 என்று எண் கொடுத்தார்கள். 1999இல் வந்த புதிய கட்டத்தில் 5,00,000. பழைய எண்ணைப் புதிய கட்டத்தில் போட்டால் 300 கிலோமீற்றர் மேற்காகவும் 300 கிலோமீற்றர் தெற்காகவும் தவறிப்போவீர்கள். நான் முதல் தடவை கணினியில் போட்டபோது கலகெதர நடுக்கடலில் போய் விழுந்தது. அரை நாள் தலையைச் சொறிந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. பழைய படமொன்றை இன்றைய படத்தின் மேல் பொருத்த, இரண்டிலும் இருக்கும் அசையாத இடங்கள் சில வேண்டும். பாதைகளை நம்பக் கூடாது, ஆறுகளையும் முழுதாக நம்பக் கூடாது. தலதா மாளிகை, பத்தலேகல பாறை, அலகல்ல மலையுச்சி, இவற்றை நம்பலாம். பத்தலேகலவைப் பெட்டியின் மூடி போன்ற அதன் தட்டைத் தலையால் எந்தப் படத்திலும் அடையாளம் காணலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் வருகிறவர்கள், ரம்புக்கனை தாண்டியதும் வலப்பக்க யன்னலில் இடம் பிடிப்பது அதற்காகத்தான்.

படமே வரையாமல் எல்லை சொன்னவர்களும் உண்டு. சிங்களத்தில் கடயிம் பொத் என்றொரு நூல்வகை இருக்கிறது, எல்லைப் புத்தகங்கள். திரிசிங்களக் கடயிம், மாத்தளைக் கடயிம் போன்றவை ஆறு, மலை, பாறை என்று சொல்லிச்சொல்லியே நாட்டின் பிரிவுகளைச் சுற்றிவருகின்றன. திரிசிங்களம் என்பது தீவின் பழைய முப்பிரிவு: வடக்கே இராசரட்டை, தென்மேற்கே மாயரட்டை, தென்கிழக்கே உறுகுணை. இராசரட்டைக்கும் மாயரட்டைக்கும் நடுவே தெதுறு ஓயா. இராசரட்டைக்கும் உறுகுணைக்கும் நடுவே மகாவலி. மாயரட்டைக்கும் உறுகுணைக்கும் நடுவே களு கங்கை.

சமவெளியில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் மூன்று நாடுகளும் கூடும் முச்சந்தியைத் தேடி ஆற்றோடு மேலே ஏறிப் பாருங்கள். ஏற ஏற ஆறு மெலிகிறது, ஓடையாகிறது, வயல் வாய்க்காலாகிறது, கடைசியில் ஏதோவொரு பாறையடியில் ஈரமாகி மறைகிறது. தெதுறு ஓயா கண்டிக்கு வடமேற்கே உள்ள மலைகளில் மறைகிறது. களு கங்கை சிவனொளிபாத மலைப் பக்கம். மகாவலியோ கண்டியைச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ போகிறது. மூன்று கோடுகளின் தலைப்புகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. முச்சந்தி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ஓட்டை. அந்த ஓட்டைக்குள்தான் பிற்காலத்தில் கண்டி இராச்சியம் வளர்ந்தது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் அடிக்க வருவார்கள், ஆனாலும் ஆசை.

ஆறு எல்லையாக நின்றால் கிடைக்காத புள்ளி, நீர் பிரிமேடு எல்லையாக நின்றால் கிடைத்துவிடும். கடுகண்ணாவைக்கும் கலகெதரவுக்கும் இடைப்பட்ட மலைமுதுகுகளின் மேற்குச் சரிவில் விழும் மழை மகா ஓயாவில் சேர்ந்து கொச்சிக்கடையில் கடலாகும். வடமேற்கே சரிந்தால் தெதுறு ஓயா வழியே சிலாபம். கிழக்கே சரிந்தால் மகாவலியில் கண்டியைச் சுற்றி, நொக்ஸ் பிடிபட்ட அதே கொட்டியாரக் குடா. இந்த மூன்று வடிநிலங்களும் சேரும் இடத்தில் ஒரு கல்லின் மேல் விழும் துளி மூன்றாகத் தெறித்தால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே, ஒன்று தீவின் மறுகரையில். எந்த அரசாங்கமும் வர்த்தமானி போடாத முச்சந்தி அது. நானாவின் கடைக் கூரையிலிருந்து வடிந்த தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறதென்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். மலைநாட்டில் தண்ணீர் போகும் திசை எல்லோருக்கும் தெரியும்.

நாடுகளுக்கிடையே இலங்கைக்கு இன்று உள்ள முச்சந்தியைப் பார்க்க மலையேறிப் பயனில்லை. அது கடலில் இருக்கிறது. 1976 ஜூலையில் இலங்கை, இந்தியா, மாலைதீவு மூன்றும் மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் ஒரு புள்ளியை ஒப்புக்கொண்டன: வட அகலாங்கு 4 பாகை 47.04 கலை, கிழக்கு நெட்டாங்கு 77 பாகை 1.40 கலை. அதைக் கண்டுபிடித்த முறை பள்ளிக்கூடத்துக் கேத்திர கணிதம். மூன்று கரைகளையும் ஒரே நேரத்தில் தொடும் வட்டம் ஒன்றை வரைந்தால் அதன் மையம் மூன்றுக்கும் சம தூரம். அந்தத் தூரம் ஏறத்தாழ 370 கிலோமீற்றர். அங்கே கடவத்தை இல்லை, கல் இல்லை, கிராம சேவகரும் இல்லை. ஆனால் புள்ளி கலையின் நூறிலொரு பங்குவரை, அதாவது பதினெட்டு மீற்றர் நுட்பத்தில், எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கண்டியில் மனிதர் நடந்து தாண்டிய எல்லைகளுக்குப் புள்ளி கிடையாது. புள்ளி இருக்கும் இடத்தில் கால் ஊன்ற முடியாது.

அன்று மழை விடவில்லை. மாகாண முச்சந்தியை நான் பார்க்காமலேயே கண்டி பஸ்ஸில் ஏறினேன். பிறகு ஒரு நாள் நல்ல வெயிலில் போய், ஜிபிஎஸ் காட்டிய இடத்துக்குக் கிட்ட ஒரு றப்பர் மரத்தடியில் நின்றேன். மரத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

உங்களிடம் மாகாணங்கள் காட்டிய இலங்கைப் படம் ஒன்று இருக்கும். பிள்ளையின் புவியியல் புத்தகத்திலாவது இருக்கும். ஒரு பென்சிலை எடுத்து முச்சந்திகளை வட்டமிட்டுப் பாருங்கள். மொத்தம் பதினொன்று, மத்திய மாகாணத்தின் விளிம்பில் ஐந்து, ஊவாவின் விளிம்பில் நான்கு. கூடினால் படத்தில் அச்சுப்பிழை. குறைந்தால் மூக்குக்கண்ணாடியை மாற்றுங்கள்.